கையெழுத்துப் போட்ட இடம்

கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. கடந்த பதினான்கு மாதங்களில் தாங்கள் கையெழுத்திட்ட தணிக்கை அறிக்கைகள் ஒவ்வொன்றும் எந்த இடத்தில் வைத்துக் கையெழுத்திடப்பட்டன? அதற்குக் கீழே, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆன்செல்ம் தீசன் என்பவர் நேரில் வந்து பதிலைப் பெற்றுக்கொள்வார் என்று ஒரு வரி. குற்றச்சாட்டு இல்லை. கண்டிப்பு இல்லை. 'தவறினால்' என்று தொடங்கும் வாக்கியம்கூட இல்லை.

லெனோரா பசுக் தன் மேல்கோட்டைக் கழற்றாமல் நின்றபடியே அதை இரண்டு முறை படித்தாள். முப்பது வருடமாக ஆடிட்டர் தொழில் செய்கிறவள். பதில் தெரியாதவன் பக்கம் பக்கமாகக் கேட்பான் என்றும், பதில் தெரிந்தவன்தான் ஒரே வரியில் கேட்பான் என்றும் அவளுக்குத் தெரியும். அவளே எத்தனையோ பேரிடம் அப்படிக் கேட்டிருக்கிறாள்.

"என்ன பாஸ், மூஞ்சி ஐஸ்ல வெச்ச மீன் மாதிரி ஆயிடுச்சு?" என்றாள் ட்வைலா. பத்தொன்பது வருடமாக லெனோராவின் அலுவலகத்தைக் கட்டி மேய்ப்பவள். "வரித்துறையா?"

"இல்ல. சஸ்காச்சுவான் கணக்காளர் சங்கம்."

"அவங்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? நாம ஆல்பர்ட்டா சங்கத்துலதானே இருக்கோம்?"

லெனோரா ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே ஐம்பதாம் அவென்யூ. தெருவின் எதிர்ச்சாரியில் ஓர்வில் மக்கேயின் செங்கல் கட்டடம், கீழே அவருடைய கடை, மாடியில் அவளுடைய பழைய அலுவலகத்தின் இருண்ட ஜன்னல். அந்தக் கட்டடம் ஆல்பர்ட்டா மாகாணத்தில் இருந்தது. இப்போது அவள் நிற்கும் தரை சஸ்காச்சுவான்.

இந்த லாயிட்மின்ஸ்டர் ஊரில் வாழ்கிறவர்களுக்கு இதெல்லாம் பேச்சில்கூட வராது. மாகாண எல்லை தெருவின் நடுவில் ஓடுகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். சிவப்பாக, ஆள் அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்கு எல்லைத் தூண்கள்கூட நட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் ஊர் ஒன்று, மேயரும் ஒருவர்தான். பனி அள்ளும் வண்டி இரண்டு சாரியையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு போகும். காலையில் மேற்கே காப்பி குடித்துவிட்டுக் கிழக்கே ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் மாகாணம் விட்டு மாகாணம் போனதாக நினைக்க மாட்டான். தெருவைக் கடந்ததாகத்தான் நினைப்பான்.

லெனோராவும் அப்படித்தான் நினைத்தாள். பதினான்கு மாதத்துக்கு முன்பு, கடுங்குளிரில் ஓர்வில் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தது. இருபத்தாறு வருடம் இருந்த இடம். இரண்டே நாளில் எதிர்ச்சாரியில் காலியாக இருந்த கடைக்கு மாறிவிட்டாள். ஓர்வில் தன் பண்ணை வண்டியைக் கொண்டுவந்து அலமாரிகளை ஏற்றினார். தொலைபேசி, தபால், நகராட்சி, இன்ஷூரன்ஸ் என்று எல்லா இடத்திலும் புது விலாசம் கொடுத்தாயிற்று. சுவரில் மாட்டியிருந்த ஆல்பர்ட்டா உரிமத்தைக் கண்ணாடி உடையாமல் இருக்க ட்வைலா தன் கோட்டுக்குள் அணைத்து எடுத்துவந்தாள். தெருவின் நடுக்கோட்டைத் தாண்டிய நொடியில் அந்த உரிமம் செல்லாத காகிதமாகிவிட்டது என்பது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கணக்காளர் என்ற பட்டம் ஒருவர் கூடவே போகும். எந்த மாகாணத்துக்குப் போனாலும் அது அவருடையது. வருமான வரிப் படிவம் நிரப்பவும் கடைக்காரரின் கணக்கை எழுதித் தரவும் அதுகூடத் தேவையில்லை. ஆனால் 'இந்தக் கணக்கை நான் பார்த்தேன், இதை நம்பலாம்' என்று மூன்றாவது மனிதருக்கு உறுதி சொல்லும் அறிக்கை வேறு ரகம். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் வங்கி கடன் கொடுக்கும், அரசு மானியம் கொடுக்கும். அதைப் போடும் உரிமையை மாகாணம்தான் தரும், தன் எல்லைக்குள் மட்டும் தரும். அடுத்த மாகாணத்தில் மேஜை போட வேண்டுமென்றால் பரீட்சை எதுவும் எழுத வேண்டாம். சொந்த மாகாணத்துச் சங்கம் 'இவர்மேல் எந்தக் குறையும் இல்லை' என்று ஒரு தாள் கொடுத்தால் போதும், அடுத்த மாகாணம் கதவைத் திறந்துவிடும். ஒரு படிவமும் கொஞ்சம் கட்டணமும்தான் செலவு. அரை நாள் வேலை. லெனோரா அந்த அரை நாளைச் செலவழிக்கவில்லை.

"ட்வைலா, இங்க வந்தப்புறம் நான் கையெழுத்து போட்ட ரிப்போர்ட் எல்லாம் எடு."

பதினொன்று இருந்தன. ஓர்வில் தலைவராக இருக்கும் விதை சுத்தம் செய்யும் கூட்டுறவு ஆலை, இரண்டு தேவாலயங்கள், ஐஸ் ஹாக்கி சங்கம், இன்னும் சில. லெனோரா ஒவ்வொன்றிலும் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். தணிக்கை அறிக்கையின் அடியில் கையெழுத்து, அதற்குக் கீழே ஊரும் மாகாணமும், பிறகு தேதி. அந்த ஊர்ப் பெயர் அலங்காரத்துக்குப் போடுவதல்ல. இந்த ஆடிட்டர் எந்த மாகாணத்தின் அதிகாரத்தில் நின்று பேசுகிறார் என்று படிக்கிறவருக்குச் சொல்வதற்காகப் போடுவது.

பதினொன்றிலும் ஒரே வரிதான். லாயிட்மின்ஸ்டர், ஆல்பர்ட்டா.

ட்வைலா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். "போன வருஷம் மாதிரியே," என்றாள்.

அது அவர்கள் தொழிலின் பழைய வியாதி. புதிய ஆண்டு வேலையைத் தொடங்கும்போது வெள்ளைத் தாளில் யாரும் தொடங்குவதில்லை. சென்ற ஆண்டுக் கோப்பை நகல் எடுத்து எண்களை மட்டும் மாற்றுவார்கள். எண்ணை ஆயிரம் கண் பார்க்கும்; எண் அல்லாத வரியை ஒரு கண்ணும் பார்க்காது. தாளின் தலையில் அச்சடித்த விலாசம் மட்டும் புதிது, சஸ்காச்சுவான் பக்கத்துக் கதவு எண்ணுடன். ஒரே தாளின் உச்சியில் ஒரு மாகாணம், அடியில் இன்னொன்று. ஆலைக்குக் கடன் கொடுக்கும் வங்கியின் கிளை சஸ்காச்சுவானில், சஸ்கடூன் நகரத்தில் இருந்தது; அங்கே யாரோ ஒருவர் அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை படித்துச் சங்கத்துக்குத் தெரிவித்திருக்கிறார்.

"இது மறதின்னு சொன்னா நம்ப மாட்டாங்களா?" என்றாள் ட்வைலா.

"இது மட்டும் இருந்தா நம்புவாங்க."

"இன்னும் என்ன இருக்கு?"

லெனோராவுக்கு அந்த இன்னொன்று கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே நினைவுக்கு வந்துவிட்டது. ஆல்பர்ட்டா உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் படிவத்தில் ஒன்பதாவது கேள்வி: வேறு மாகாணத்தில் அலுவலகம் வைத்துத் தொழில் செய்கிறீர்களா? சென்ற கோடையில் அனுப்பிய படிவத்தைக் கணினியில் திறந்தாள். 'இல்லை.' கீழே, மேற்கண்டவை உண்மை என்று உறுதியளிக்கிறேன் என்ற வாசகம். அதற்கும் கீழே அவளுடைய கையெழுத்து.

"நான்தான் நிரப்பினேன்," என்றாள் ட்வைலா. குரலில் கேலியெல்லாம் வற்றிப்போயிருந்தது.

"நான்தான் கையெழுத்து போட்டேன்."

லெனோரா மனதுக்குள் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். கிழக்கே பதிவு இல்லாமல் தொழில் செய்தது ஒரு தவறு, சரிசெய்துவிடலாம். ஆனால் சரிசெய்ய மேற்கிலிருந்து 'குறையில்லை' என்ற தாள் வேண்டும். மேற்கில் அவள் பொய் உறுதிமொழி கொடுத்தவளாக நிற்கிறாள். அங்கே விசாரணை முடியும்வரை அந்தத் தாள் வராது; கிழக்கே தவறைச் சரிசெய்யும்வரை அந்த விசாரணையும் முடியாது. இரண்டு அறைகள்; இதன் சாவி அதற்குள், அதன் சாவி இதற்குள்.

*

புதன்கிழமை மதியம் ஓர்வில் மக்கே வந்தார். எழுபது வயது. பூட்ஸிலிருந்து பனியை உதறாமல் நேராக உள்ளே வந்தார் என்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"பேங்க்காரன் ஃபோன் பண்ணான், லென். உன் ரிப்போர்ட்ட நிறுத்தி வெச்சிருக்கேங்கறான். ரிப்போர்ட்ல என்னடா தப்புன்னு கேட்டா, எண்ணு எல்லாம் சரிங்கறான். அப்புறம் என்ன கேடு அவனுக்கு?"

லெனோரா சொன்னாள். பொறுமையாக, முதலிலிருந்து. ஓர்வில் தொப்பியை முழங்காலில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் பெரிதாகச் சிரித்தார்.

"இவ்வளவுதானா? அட, நான் என்னமோ நீ ஆளக் கொன்னுட்டியோன்னு பயந்தேன். உன் பழைய மேஜை இன்னும் என் மாடியிலதானே கெடக்கு?"

உண்மைதான். அந்த ஓக் மேஜை மாடிப்படியில் இறங்காது என்று விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"அப்ப நீ கையெழுத்து போட்டது அங்கதான். பேப்பர எடுத்துக்கிட்டு தெருவத் தாண்டி வந்த, பழகின மேஜைல உக்காந்து போட்ட, திரும்பிப் போன. நான் பாத்தேன். கடையில இருந்தேன்ல, வர்றதும் போறதும் பாத்தேன்."

"ஓர்வில், நீங்க பாக்கல."

"இருபத்தாறு வருஷம் பாத்தேனே! இன்னும் ஒரு வருஷம் சேத்துப் பாத்தா கண்ணு அவிஞ்சா போயிடும்?" சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "நீ ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா இரு. அந்த ஆள் கேட்டா ஆமான்னு தலையாட்டு."

"யோசிக்கணும்," என்றாள் லெனோரா.

'வேண்டாம்' என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு சொல்லை அவள் சொல்லவில்லை. ஓர்வில் எழுந்து, அவள் தோளைத் தட்டிவிட்டு, ட்வைலாவைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு லெனோரா சாவியை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாடி அறையில் மூச்சு புகையாக எழுந்தது. கூரையில் குழாய் வெடித்த இடத்திலிருந்து பழுப்பு நிறக் கறை சுவர்வரை இறங்கியிருந்தது. மேஜைமேல் விரலை வைத்து இழுத்தாள். தூசியில் கோடு விழுந்தது.

ஒரு ஆடிட்டரின் வேலை நம்புவது அல்ல, பொய்யாக இருந்தால் எங்கே ஓட்டை தெரியும் என்று தேடுவது. பழக்கம் தானாகவே ஓடத் தொடங்கியது. இந்த அறையில் கையெழுத்துப் போட்டதாக ஒருத்தி சொன்னால் நான் எதைக் கேட்பேன்? மின்சாரக் கட்டண ரசீதைக் கேட்பேன். இந்த மாடிக்கு இணைப்புத் துண்டித்துப் பதினான்கு மாதம். அறிக்கைகளில் ஏழு, வெளியே மைனஸ் இருபதுக்குக் கீழே இருந்த வாரங்களில் போட்டவை. பேனா மை உறைந்துவிடும். சரி, வேறு வழி? காகிதங்கள் கூரியரில் போன நேரம், கணினியில் கோப்பு மூடிய நேரம். இரண்டுக்கும் நடுவே நான்கு நிமிடம். நான்கு நிமிடத்தில் தெருவைக் கடந்து, மாடியேறி, போட்டுவிட்டுத் திரும்ப முடியுமா?

முடியும் என்று தோன்றியது. மையைப் பற்றிக் கேட்டால்? கோட்டுப் பைக்குள் வைத்த பேனா என்று சொல்லலாம். வெளிச்சம்? ஜன்னல் கிழக்குப் பார்த்தது, காலை நேரம் என்று சொல்லலாம். தூசி? அதைத் துடைத்துவிடலாம்.

கைக்குட்டையைப் பையிலிருந்து பாதி எடுத்துவிட்டாள். அப்போதுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தது. முப்பது வருடம் மற்றவர்களின் ஓட்டைகளைக் கண்டுபிடித்தவளுக்கு, ஓட்டையே இல்லாமல் ஒரு பொய்யைக் கட்டவும் தெரிந்திருந்தது. கால் மணி நேரத்தில், யாரும் சொல்லித் தராமல்.

கைக்குட்டையை உள்ளே திணித்துவிட்டு விறுவிறுவென்று இறங்கினாள். கீழே கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஓர்வில் நின்றுகொண்டிருந்தார். அவள் மாடியிலிருந்து வருவதைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஒரு கணம் நின்று உள்ளே போய்ச் சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று நடந்துவிட்டாள்.

*

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கே கதவு திறந்தது. ஒல்லியான மனிதர், அறுபது இருக்கும். தலையில் கம்பளித் தொப்பி, கையில் மெல்லிய தோல் பை.

"தீசன்," என்றார்.

ட்வைலா கடிகாரத்தைப் பார்த்தாள். "பத்து மணின்னுதானே போட்டிருந்துச்சு? ஓ... சஸ்காச்சுவான் நேரத்துல இப்ப பத்து. சார், இந்த ஊர் முழுக்க ஆல்பர்ட்டா நேரம்தான். வெளியூர்க்காரங்க எல்லாரும் இதுல ஏமாந்துடுவாங்க."

"ஏமாறலம்மா," என்றார் அவர், தொப்பியைக் கழற்றியபடி. "நான் இந்த ஊர்லதான் பள்ளிக்கூடம் படிச்சேன். ஒரு மணி நேரமா எதிர்ல வண்டியில உக்காந்திருக்கேன். நீங்க எந்தக் கதவத் திறக்கறீங்கன்னு பாக்கணும்னு தோணிச்சு."

அதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. வானிலை சொல்கிற மாதிரிதான் சொன்னார். எல்லை இந்த ஊரில் யார் கண்ணிலும் படாது என்று வெளியூர்க்காரரிடம் விளக்கலாம். உள்ளூர்க்காரரிடம் அந்த விளக்கம் செல்லாது.

தீசன் உட்கார்ந்தார். காப்பி வேண்டாம் என்றார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, படிக்க வசதியாக அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"உங்க பதில கேக்கறதுக்கு முன்னாடி இத காட்டிடறது நியாயம். நேத்து ராத்திரி நான் தங்கின மோட்டல்ல, வரவேற்புல இருக்கற அம்மா கொண்டுவந்து குடுத்தாங்க. மக்கேயோட மச்சினியாம்."

கூட்டுறவு ஆலையின் முத்திரை பதித்த தாள். அதில் இப்படி எழுதியிருந்தது: லெனோரா பசுக் அறிக்கைகளில் கையெழுத்திட்டதெல்லாம் மக்கே கட்டடத்தின் மாடியில், ஆல்பர்ட்டா மண்ணில்தான். அந்த அறையின் சாவி எப்போதும் அவரிடமே இருந்தது. கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள் இதை நேரில் அறிவோம். கீழே ஏழு கையெழுத்துகள். முதலில் ஓர்வில். அடுத்து செயலாளர் பெர்னிஸ் டெக்சன். பிறகு இயக்குநர்கள் ஐந்து பேர். ஏழு பேரையும் அவளுக்குத் தெரியும். ஒருவர் மகளின் கல்யாணத்தில் ஆடியிருக்கிறாள், இன்னொருவர் அம்மாவின் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்திருக்கிறாள். கன்று ஈனும் மாதத்தில், அந்தக் குளிரில், மாட்டுக் கொட்டகையை விட்டு ஏழு பேரும் அவளுக்காக ஓரிடத்தில் கூடியிருக்கிறார்கள்.

"இதுல சொல்லியிருக்கறது சரியா, மேடம்?"

'ஆமாம்' என்றால் முடிந்துவிடும். ஏழு சாட்சி, ஒரு மேஜை, நான்கு நிமிட நடை. நேற்றே எல்லா ஓட்டையையும் அடைத்து வைத்திருக்கிறாள்.

ட்வைலா தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டாள்.

"இல்ல," என்றாள் லெனோரா. "பதினொண்ணும் இந்த மேஜைல உக்காந்து போட்டதுதான். இடம் தப்பா போயிருக்கு, போன வருஷத்துக் கோப்ப நகல் எடுத்ததால. ஆல்பர்ட்டா படிவத்துலயும் 'இல்ல'ன்னு தப்பா போயிருக்கு. அதுவும் அப்படித்தான். நான் படிக்காம கையெழுத்து போட்டேன்."

தீசன் அதை எழுதிக்கொண்டார். எழுதி முடித்துப் பேனாவை மூடவில்லை.

"சாவி?"

"என்ன?"

"மாடி அறையோட சாவி உங்ககிட்ட இருக்கா?"

அது மேஜை இழுப்பறையில் இருந்தது. லெனோரா அதை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"எப்பலேந்து உங்ககிட்ட இருக்கு?"

"நேத்துலேந்து."

"மாடிக்குப் போனீங்களா?"

"போனேன்."

"எதுக்கு?"

அவள் பதில் தேடினாள். உண்மையான பதில் ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. தீசன் தன் குறிப்பில் அந்த இடத்தை வெற்றாகவே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார். அவர் விட்ட வெற்றிடத்தை அவள் தலைகீழாகப் பார்த்தாள். அவளும் தன் குறிப்பேட்டில் அப்படித்தான் விடுவாள்.

பிறகு அவர் நிதானமாக, வாத்தியார் போல விளக்கினார். "பாருங்க மேடம். பதிவு பண்ணாம விட்டது, இடம் தப்பா போட்டது, படிவம் படிக்காம போட்டது. மூணும் அலட்சியம். உண்மைய ஒத்துக்கிட்டா ஒரு கண்டனம், கொஞ்சம் அபராதம், மூணு மாசம் கையெழுத்து போடத் தடை. அப்புறம் ரெண்டு பக்கமும் முறையா பதிவு பண்ணிக்கலாம். நான் இதுக்கு முன்னாடி பாத்திருக்கேன். இது வேற." அவர் ஏழு கையெழுத்துகளைச் சுட்டினார். "இது சாட்சி தயார் பண்றது. நீங்க கேக்கலன்னு நான் நம்பறேன். ஆனா விசாரணைக் குழு என்னப் பாக்காது, காகிதத்தப் பாக்கும். கடிதத்துல சாவின்னு இருக்கு, உங்ககிட்ட சாவி இருக்கு. கடிதம் எழுதின அன்னிக்குத்தான் நீங்க மாடிக்குப் போயிருக்கீங்க. இதுக்கு ஒரே தண்டனைதான். உரிமம் போயிடும், திரும்ப வராது."

"நான் என்ன செய்யலாம்?"

"நீங்க இன்னிலேந்து கையெழுத்து போடக் கூடாது. இது எனக்கு வந்த கடிதம். திங்கக்கிழமை காலைல நான் ஆபீஸ் போனப்புறம்தான் பதிவேட்டுல ஏறும். அதுக்குள்ள எழுதின ஏழு பேரும் இது உண்மையில்லன்னு வாபஸ் வாங்கினா, அவசரப்பட்டாங்க, திருத்திக்கிட்டாங்கன்னு நான் எழுத முடியும். பதிவேட்டுல ஏறினதுக்கப்புறம் யாராலயும் எடுக்க முடியாது. என்னாலயும்."

தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எதிரே நின்ற வண்டி கொஞ்ச நேரம் புகைவிட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கிழக்கே திரும்பியது.

லெனோரா ஓர்விலுக்கு ஃபோன் செய்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப நீ எங்கள பொய்யனாக்கிட்ட," என்றார்.

"நான் உங்களக் கேக்கலையே, ஓர்வில்."

"வேணாம்னும் சொல்லலையே! சாவிய எடுத்துக்கிட்ட. மாடிக்குப் போன. நான் கைய காட்டினேன், நீ பாத்துட்டுப் போன. ஒம்பது மைல் பனியில வண்டி ஓட்டிக்கிட்டு வந்து கையெழுத்து போட்டாங்க அவங்க. இப்ப போயி, 'ஐயா நாங்க பொய் சொன்னோம்'னு எழுதிக் குடுக்கணுமா? பேங்க்காரன் அதப் படிச்சான்னா எங்க ஆலைக்குக் கடன் குடுப்பானா?"

"திங்கக்கிழமை வரைக்கும்தான் நேரம் இருக்கு."

"போட்டது போட்டதுதான், லென்." குரல் உடைந்திருந்தது. "நீ ஒரு தலையாட்டு ஆட்டியிருந்தா போதும்."

வைத்துவிட்டார். ஜன்னல் வழியாக, எதிர்க்கடையில் அவர் ஃபோன் பக்கத்திலேயே அசையாமல் நிற்பது தெரிந்தது.

"அவர் தணிஞ்சிடுவாரு," என்றாள் ட்வைலா. "மொதல்ல மத்த ஆறு பேர்கிட்டயும் பேசுங்க. அவங்க மாறினா இவரும் மாறுவாரு. பெர்னிஸ்ல ஆரம்பிங்க. அவங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க."

அது நல்ல யோசனைதான். பெர்னிஸ் டெக்சன் தங்கமான மனுஷி. கூட்டங்களுக்கு பெர்ரிப் பழம் வைத்த பணியாரம் சுட்டுக்கொண்டு வருகிறவள். முப்பது வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தவள், எந்தக் காகிதமும் அவள் கையில் தேங்காது. நான்காவது மணியில் எடுத்தாள். பின்னால் மாடுகளின் சத்தம்.

"லெனோரா! நானே கூப்பிடணும்னு இருந்தேன். கொட்டகைல நிக்கறேன், மாடு கன்னு போட்டுச்சு, கை முழுக்க ரத்தம், சத்தமா பேசு. அந்த ஆள் வந்தானா? ரொம்ப மிரட்டினானா?"

"பெர்னிஸ், அந்தக் கடிதம்..."

"அதப் பத்திக் கவலையே படாத. ஓர்வில் ஒரு கடிதம் எழுதினா போதும்னு நெனச்சாரு. நான்தான் சொன்னேன், ஒரு பக்கம் மட்டும் சொன்னா போதுமா, ரெண்டு சங்கமும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்குவாங்களேன்னு. அதனால அதே மாதிரி இன்னொண்ணு தயார் பண்ணி, காலைல ஏழு மணிக்கே எட்மன்டனுக்கு, உங்க ஆல்பர்ட்டா சங்கத்துக்கு ஈமெயில்ல அனுப்பிட்டேன். என் வீட்டுக்காரரும் போட்டாரு, இப்ப எட்டுப் பேர்."

லெனோரா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பெர்னிஸ், அத அவங்க இன்னும் பாத்திருக்க மாட்டாங்கல்ல?"

"பாக்காமயா? எவ்வளவு சுறுசுறுப்பா இருக்காங்க தெரியுமா! எட்டரைக்கெல்லாம் பதில் வந்துடுச்சு. இரு, கைய தொடச்சிட்டுப் படிக்கறேன்." துணி உரசும் சத்தம். பிறகு பெர்னிஸ் தெளிவாக, சந்தோஷமாகப் படித்தாள். "'தங்கள் கடிதம் கிடைத்தது. பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. நன்றி.' பாத்தியா? நீ நிம்மதியா சாப்பிட்டுத் தூங்கு. நாங்க பாத்துக்கறோம்."